படுகளம் வரை உட்கார்ந்து கேட்பவர்களுக்கு

சிம்பொனிக் ப்ராக் ராக், அதாவது செவ்வியல் இசை மாதிரி நீளமாகக் கட்டிய ப்ராக்ரசிவ் ராக், கேட்டுப் பார்க்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால் கேமல் குழுவின் ‘தி ஸ்னோ கூஸ்’ ஆல்பத்தைத்தான் சொல்வேன். 1975இல் வந்தது. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் மாதிரிப் பெரிய குழுக்கள் எல்லாம் இருக்கும்போது கேமல் எதற்கு என்று விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த ஆல்பத்தில் பாட்டு வரிகளே இல்லை என்பது நம் ஊர்க் காதுக்குப் பெரிய சௌகரியம். இங்கிலீஷ் பாட்டு என்றதும் ‘என்ன சொல்றான்’ என்று வரியைத்தான் முதலில் துரத்துகிறோம். வரி பிடிபடாவிட்டால் பாட்டையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். ஸ்னோ கூஸில் துரத்த எதுவும் இல்லை. புல்லாங்குழல், கிட்டார், பியானோ, ஆர்கன், அங்கங்கே வார்த்தையில்லாத ஒரு குரல், பின்னால் டேவிட் பெட்ஃபோர்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிக்கொடுத்த ஆர்கெஸ்ட்ரா. அவ்வளவுதான்.

ஆனால் கதை இருக்கிறது. பால் கேலிகோ என்ற எழுத்தாளர் 1941இல் வெளியிட்ட சின்ன நூல். இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரைச் சதுப்பில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்றில் ரையடர் என்ற ஓவியர் தனியாகக் குடியிருக்கிறார். உடல் கோணலானவர், ஊரோடு ஒட்டாதவர். ஃப்ரித்தா என்கிற சிறுமி அடிபட்ட ஒரு பனி வாத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவரிடம் வருகிறாள். வாத்து தேறுகிறது, பறந்து போகிறது, பருவம் மாறும்போது திரும்பி வருகிறது. 1940இல் டன்கிர்க் கரையில் ராணுவம் சிக்கிக்கொண்டபோது, ரையடர் தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு சிப்பாய்களை மீட்கப் போகிறார். திரும்பவில்லை. இதைப் பதினாறு துண்டுகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி, ஒரு சொல் பேசாமல் சொல்லி முடிக்கிறார்கள். ஆண்ட்ரூ லாட்டிமர்தான் கிட்டாரும் புல்லாங்குழலும். அவர் குழலில் ரையடருக்கு ஒரு மெட்டு வாசிப்பார், கேட்ட மாத்திரத்தில் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஆல்பம் எனக்குக் கிடைத்தது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில். சீனியர் அண்ணன் ஒருத்தரிடம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. பாதி படம், மீதி பாட்டு. யார் யாரிடமிருந்தோ கைமாறி வந்த எம்பி3 ஃபைல்கள், பலவற்றில் வரிசை எண்கூட இருக்காது. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எழுத்து வரிசைப்படி அடுக்கிவிட்டது. அதனால் நான் கேட்ட ஸ்னோ கூஸில் முதலில் ‘டன்கிர்க்’ வந்தது. அடுத்து ‘எபிடாஃப்’, அதாவது கல்லறை வாசகம். அதற்கப்புறம் வாத்து பறந்தது, நட்பு வந்தது, அதற்கும் பிறகுதான் ஃப்ரித்தா வீட்டுக்குள் நுழைந்தாள். செத்தவர் கடைசியில், ‘ரையடர் கோஸ் டு டவுன்’ என்ற துண்டில், டவுனுக்குப் போனார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருந்தது. ‘நல்ல மெலடி’ என்று நினைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அண்ணனே, “தம்பி, வரிசையா கேட்டியா?” என்று விசாரித்து, ஒரு தாளில் பதினாறு பெயர்களையும் எழுதிக்கொடுத்தார். அந்த ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து வரிசைப்படி கேட்டேன். சதுப்பு நிலத்தில் ஆரம்பிக்கிற இசை, எல்லாம் முடிந்தபின் அதே சதுப்பு நிலத்துக்கு, ‘தி கிரேட் மார்ஷ்’ என்ற அதே பெயரில், திரும்பி வருகிறது. முதலில் வெறும் விடியலாகக் கேட்டது, முடிவில் ஆள் இல்லாத வீட்டைப் பார்க்கிற மாதிரி கேட்டது. சுரம் ஏறக்குறைய அதேதான். நடுவில் நடந்தவை எனக்குத் தெரியும் என்பதால் அது வேறாகிவிட்டது. இந்த வகை இசையில் நான் பித்துப் பிடித்துத் திரிவதற்கு மூலகாரணம் அந்த வரிசைத் தாள்தான்.

சிம்பொனிக் என்ற பெயரைக் கேட்டு வயலின் கும்பலை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்த ஆல்பங்கள் இருக்கின்றன. மூடி ப்ளூஸ் 1967இலேயே ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்டு’ என்று ஒன்று போட்டார்கள், விடியலிலிருந்து இரவு வரை ஒரு முழு நாள். ஆனால் இந்த வகையின் உயிர் ஆர்கெஸ்ட்ராவில் இல்லை. ஒரு மெட்டை விதைத்து, விட்டுவிட்டு, வேறெங்கோ சுற்றி, அதை வேறு வாத்தியத்தில், வேறு வேகத்தில், வேறு மனநிலையில் திரும்பக் கொண்டுவருவதில் இருக்கிறது. மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்கள் இருநூறு வருஷமாகச் செய்துவந்ததை ஐந்து இளைஞர்கள் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வைத்துக்கொண்டு செய்யத் துணிந்தார்கள். அதற்கு அவர்களுக்கு வாய்த்த இடம் எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. 1970களின் தொடக்கத்தில் இந்தக் குழுக்களின் பெரிய பாட்டுகள் பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று நிமிடத்துக்குள் வந்து நிற்பதற்கு அந்த வட்டத்தட்டுதான் காரணம்.

எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, உடுக்கடிப் பாட்டு என்றால் உசுரு. அண்ணன்மார் சாமி கதையை, வெளியே பொன்னர் சங்கர் கதை என்றால்தான் தெரியும், ஊர்ஊராகப் போய்க் கேட்டவர். ஒரு ராத்திரியில் முடிகிற கதை இல்லை அது. ராத்திரி ராத்திரியாக நடக்கும். பொன்னர், சங்கர் பிறப்பதற்கு முன்னால் அவர்கள் அப்பன் குன்னுடையான் பட்ட பாடு, தாமரை இருந்த தவம் என்று கதை எங்கேயோ தொடங்கி, அண்ணன் தம்பி மாண்டுபோகிற படுகளத்துக்கு வந்து சேரும். அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கே அருள் வந்து சாய்ந்துவிடுவார்கள், பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். ஒரு தடவை நான், “படுகளம் அன்னிக்கு மட்டும் போனா போதாதுங்களா?” என்று கேட்டதற்கு அப்பாரு சொன்னது இது: “படுகளத்துக்கு மட்டும் வர்றவனுக்கு அழுகாச்சி மட்டுந்தான் கெடைக்கும். குன்னுடையான் கஷ்டத்துல இருந்து உக்காந்தவனுக்குத்தான்டா சாமி வரும்.”

இருபது நிமிடப் பாட்டா, யாருக்குப் பொறுமை என்று சொல்கிறவர்களிடம் நான் அப்பாரின் இந்தப் பேச்சைத்தான் சொல்வது. நம் மண்ணில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். மறுபடி வரும் என்று தெரிந்த ஒரு வரிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். சிம்பொனிக் ப்ராக் கேட்க அந்தக் காத்திருப்பு மட்டும் போதும். மேற்கத்திய இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு நான் காட்டும் முதல் சாட்சி ஜெனிசிஸின் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’. 1973இல் வந்த ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ ஆல்பத்தில் இருக்கிறது, ஒன்பதரை நிமிடம். டோனி பேங்க்ஸ் தனியாகப் பியானோவில் ஆரம்பிக்கிறார். ஒரு நிமிடத்துக்கு வேறு யாரும் இல்லை. தாளக்கட்டு அடிக்கடி மாறும், 13/16, 15/16 என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் காதுக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் இருக்கும், கணக்கு துருத்திக்கொண்டு நிற்காது. பிறகு குழு முழுதும் உள்ளே வருகிறது, பீட்டர் கேப்ரியல் பாடுகிறார். பாட்டு அடங்கிய இடத்தில் அவரே புல்லாங்குழலை எடுக்கிறார். பியானோவின் மேல் ஒரு மெட்டு, மெலிசாக, சோகமாக, சின்னதாக. இதை முதல் தடவை கேட்கிறவர் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். குழல் போய்விடும். அப்புறம் ஆரம்பத்தில் தனியாக வந்த அந்தப் பியானோப் பகுதி இப்போது சிந்தசைசரில், கீழே பேஸும் டிரம்ஸும் இடிக்க, ராஜநடையில் திரும்பி வரும். ‘ஓ, இதற்குத்தான் அந்த முன்னுரையா’ என்று நாம் நினைக்கும்போது அது உடைந்து, ஸ்டீவ் ஹேக்கெட்டின் கிட்டார் மேலே எழும்பும்.

அவர் வாசிப்பது அந்தக் குழல் மெட்டுதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மெதுவாக, ஒரு சுரத்தைப் பிடித்தால் விடாமல் நீட்டி, அதன் அடியில் மெல்லோட்ரான் விரிய, ஏறக்குறைய மூன்று நிமிடம். வேகமாக வாசிக்கத் தெரிந்த கிட்டார்காரர் வேகத்தை முழுதாகத் துறந்து வாசிக்கிற இடம். இந்தத் துண்டை மட்டும் வெட்டி ‘உலகின் தலைசிறந்த கிட்டார் சோலோ’ என்று இன்ஸ்டாவில் போடுகிறார்கள். அதைக் கேட்டால் அழகான கிட்டார், அவ்வளவுதான். குழலைக் கேட்டு, அதை மறந்து, சிந்தசைசர் வழியாக நடந்து வந்தவருக்கு மட்டுமே அந்த முதல் சுரத்தில் உடம்பு சிலிர்க்கும். குன்னுடையான் கதையைக் கேட்டவனுக்குத்தான் சாமி.

மெல்லோட்ரான் என்றேன். அந்தக் காலத்து ஆல்பங்களில் பின்னால் படர்கிற, கொஞ்சம் நடுங்குகிற, வயலினா மனுசக் குரலா என்று சந்தேகம் வருகிற அந்தச் சத்தம் இதிலிருந்துதான். பர்மிங்காமில் செய்த கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கும். அதில் உண்மையான வயலின்காரர்கள் அந்தச் சுரத்தை வாசித்தது பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு விநாடி. அதற்குள் கையை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து நாடா பழைய இடத்துக்குப் போகும். அதனால் மெல்லோட்ரான் வாசிப்பவர் ஒரு சுரத்தில் காலம் முழுக்க உட்கார முடியாது. அந்த நாடா கொஞ்சம் தள்ளாடுவதால் சுருதியும் லேசாக ஆடும். சுத்தமான வயலின் சத்தம் வேண்டுமென்றால் இன்று போனிலேயே கிடைக்கிறது. அந்த ஆட்டத்தில் இருக்கிற ஏக்கம் கிடைக்காது. 1969 அக்டோபரில் வந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ ஆல்பத்தில் இயன் மெக்டொனால்ட் இதை வாசித்திருப்பதைக் கேளுங்கள். ஒரு கோட்டைச் சுவர் எழும்பி நிற்கும். ஜெனிசிஸின் ‘வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்’ பாட்டின் தொடக்கத்தில் இந்த வாத்தியம் மட்டும்தான் நெடுநேரம். இரவில் கேட்பது உத்தமம்.

இனி யெஸ். ‘குளோஸ் டு தி எட்ஜ்’, 1972 செப்டம்பர். என் கணிப்பில் இந்த வகையின் சிகரம் இதுதான். இதைக் கேட்க எனக்கு வாய்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டி தறிக் குடோன், பக்கத்து வீட்டிலும் தறி, எதிர் வீட்டிலும் தறி. பகலும் ராத்திரியும் ஓடும். கரண்டு நிற்கும் வரைக்கும் அந்தச் சத்தம் காதில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மாசத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்பு ஷட்டவுன் போடும். காலை ஒன்பது மணிக்கு ஊரே சட்டென்று அடங்கும். மைனாச் சத்தம் கேட்கும், அடுத்த தெருவில் யாரோ குடம் வைக்கிற சத்தம் கேட்கும். அப்படி ஒரு ஷட்டவுன் அன்றைக்கு, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த போனும் ஹெட்போனுமாகத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் போட்டேன்.

பறவைகள். ஓடுகிற தண்ணீர். ஹெட்போனில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரு முறை கழற்றிப் பார்த்தேன். சத்தம் மெல்ல ஏறி, சட்டென்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். ஸ்டீவ் ஹோவின் கிட்டார் ஒரு பக்கம் கிழிக்கிறது, கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் இன்னொரு பக்கம் ஏறுகிறது, பில் புருஃபர்டின் டிரம்ஸ் யாரோடும் சேராமல் எல்லோரையும் கட்டி நிறுத்துகிறது. சில நிமிடம் மூச்சுவிட இடமில்லை. அப்புறம் அந்தக் களேபரம் வழிவிட, கிட்டாரில் ஒரு தெளிந்த மெட்டு. இதைத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதினெட்டு நிமிடப் பாட்டு முழுக்க அது வேஷம் மாறி மாறி வரும். நடுவில் எல்லாம் அடங்கி, பாடகர் ஜான் ஆண்டர்சனின் குரல் மேலும் கீழும் மிதக்கிற பகுதி. அதன் முடிவில் ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கன். லண்டன் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் இருக்கும் உண்மையான பைப் ஆர்கன், அங்கேயே பதிவு செய்தது. அந்த ஒலி விழும்போது அதுவரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த பாட்டு சட்டென்று வானத்துக்குக் கீழே வந்துவிடும். கடைசியில் ஆரம்பத்தில் வந்த பல்லவி பேருருவம் எடுத்து, உச்சிக்குப் போய், பறவைகளிடமும் தண்ணீரிடமும் திரும்பி ஒப்படைத்துவிட்டு நிற்கிறது.

இந்தப் பாட்டின் கரு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலிலிருந்து வந்தது. தோணிக்காரன் ஒருவனிடம் உட்கார்ந்து ஆற்றின் குரலைக் கேட்கக் கற்றுக்கொள்கிறவனின் கதை. ஜெர்மன்காரர் இந்தியாவை வைத்து எழுதியதை இங்கிலாந்துக்காரர்கள் பாட்டாக்கி, அது நொய்யல் ஓடுகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் நொய்யலின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும், அதுவும் கழிவு நுரையோடுதான் வரும். அந்த ஆல்பத்தின் தண்ணீர்ச் சத்தம் எனக்கு வலிக்கிற இடம் அது.

ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் 2013இல் இந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார். பேஸ் கிட்டார் அதில் இன்னும் துலக்கமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இளையராஜாவின் பேஸ் கோடுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்குவயரைப் பிடிக்காமல் போகாது. பாடுகிறவரை விட்டுவிட்டு பேஸின் பின்னாலேயே ஒரு தடவை முழுப் பாட்டையும் கேளுங்கள். வேறொரு பாட்டு உள்ளே ஓடுவது தெரியும்.

அடுத்த வருஷம் யெஸ் செய்தது இன்னும் பெரிய காரியம். ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’. இரண்டு ரெக்கார்டு, நான்கு பக்கம், நான்கே பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் வரும் ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஜான் ஆண்டர்சன் இதை எடுத்தார். சாஸ்திரங்களை ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு, பிரிவுக்கு ஒரு பக்கம். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது, அதே சமயம் விமர்சகர்கள் ஆள் வைத்து அடித்தார்கள். ரிக் வேக்மனுக்கே இது ஒப்பவில்லை, சுற்றுப்பயணம் முடிந்ததும் 1974இல் குழுவைவிட்டு விலகினார். என்னைக் கேட்டால் முதல் பக்கமும் நான்காம் பக்கமும் பொன். மூன்றாவதில் கரடுமுரடாக வெகுதூரம் போய்க் கடைசியில் ஸ்டீவ் ஹோவின் வெறும் அக்கவுஸ்டிக் கிட்டார் வருமிடம் பொன்னுக்கும் மேல். இரண்டாம் பக்கம் இழுக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனாலும் குறைத்திருக்கலாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இவ்வளவு பெரிதாக ஆசைப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும்.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்த இசையில் நாலுக்கு நாலு, அதாவது நான்கு நான்காக எண்ணுகிற தாளம், குறைவு. இமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் ‘டார்கஸ்’ ஐந்தில் தொடங்கும். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறக்குறைய இருபத்து மூன்று நிமிடம், அதில் ஒரு பகுதியின் பெயரிலேயே 9/8 இருக்கிறது. கர்நாடக இசையில் கண்டம் (ஐந்து), மிச்ரம் (ஏழு), சங்கீர்ணம் (ஒன்பது) என்று நாம் பெயர் வைத்திருக்கிற எண்கள்தாம். எனக்குப் பாட்டுப் பயிற்சி கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. ஆனால் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டினவள். அடுப்படியில் நின்றுகொண்டே எந்தத் தறியில் நாடா, அதாவது ஊடுநூலை ஓட்டும் கட்டை, சரியாகப் போகவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவாள். ஒரு நாள் ஜெனிசிஸின் அதே ‘செல்லிங் இங்கிலாந்து’ ஆல்பத்தில் வரும் ‘தி சினிமா ஷோ’ பாட்டின் இரண்டாம் பாதி ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. 7/8இல் டோனி பேங்க்ஸ் நிமிடக்கணக்கில் சிந்தசைசர் வாசிக்கிற இடம்.

“என்ன கண்ணு, பாட்டு நொண்டி நொண்டிப் போகுது?”

“நொண்டலம்மா. ஏழேழா எண்ணிப் பாரு.”

கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, தொடையில் தட்டி எண்ணினாள். இரண்டு சுற்று தப்பியது. மூன்றாவதில் பிடித்துவிட்டாள். “அட, ஆமா. ஒண்ண உட்டுப்போட்டு மறுக்கா மொதல்ல இருந்து வருது. நல்லாத்தான் கட்டியிருக்கறான்.” அதன் பிறகு பாட்டு முடியும் வரைக்கும் வெங்காயம் ஏழேழாகத்தான் அரிபட்டது. ஃபில் காலின்ஸைப் பின்னாளைய பாப் பாடகராக மட்டும் தெரிந்தவர்கள் இந்தப் பத்து நிமிடத்தில் அவர் டிரம்ஸைக் கேட்க வேண்டும். இந்தப் பாட்டு நிற்காமல் ‘ஐல் ஆஃப் ப்ளென்டி’ என்ற சின்னப் பாட்டுக்குள் கலந்து, அங்கே ஆல்பத்தின் முதல் பாட்டின் மெட்டு திரும்பி வரும். ஐம்பது நிமிடத்துக்கு மேல் கழித்து. நானாக இதைக் கண்டுகொண்ட அன்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மேலே சொன்ன இமர்சன் குழுவை நான் மதிக்கிறேன், அளவாகத்தான். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ தொகுப்பை மேடையில் வாசித்து 1971இல் ஆல்பமாக்கிய துணிச்சல் பெரிது. கீத் இமர்சனின் விரல் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் பல இடங்களில் விரல் முந்திக்கொள்கிறது, மெட்டு பின்னால் ஓடிவருகிறது.

வரி புரிய வேண்டியதில்லை என்று தெளிந்த பிறகு எனக்குத் திறந்த கதவு இத்தாலி. 1972, 73இல் அங்கே நடந்தது ஒரு தனி வசந்தம். பிஎஃப்எம் குழுவின் ‘பெர் உன் அமிகோ’, லே ஓர்மேயின் ‘ஃபெலோனா இ சொரோனா’ இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒன்று வெளிச்சத்தில் வாழும் கிரகம், இன்னொன்று இருளில் வாழும் கிரகம் என்பது இரண்டாவதன் கதை, ஒரே மூச்சில் முடிந்துவிடும். என் நெஞ்சில் உட்கார்ந்தது பான்கோ டெல் முத்துவோ சொக்கோர்சோ என்ற குழு. நொசென்சி சகோதரர்கள் இருவர், ஒருவர் பியானோ, ஒருவர் ஆர்கன். மேலே ஃப்ரான்செஸ்கோ டி ஜியாகோமோவின் குரல். ராக் பாடகர் குரலே அல்ல அது, ஓபரா மேடையிலிருந்து இறங்கி வந்த மாதிரி விரிந்த, கனிந்த குரல். 1973இல் வந்த ‘இயோ சோனோ நாட்டோ லிபெரோ’வில் முதல் பாட்டு அரசியல் கைதி ஒருவனுக்காகப் பாடியது, கால்மணி நேரத்துக்கு மேல். ஒரு வார்த்தைகூட இத்தாலி மொழி தெரியாமல் நான் அதில் கண்கலங்கியிருக்கிறேன். அவர் 2014இல் கார் விபத்தில் இறந்த செய்தியைப் படித்தபோது, சொந்தக்காரர் ஒருத்தர் போன மாதிரி அன்று வேலை ஓடவில்லை. பெண் குரல் வேண்டுமென்பவர்களுக்கு ரெனசான்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லம் இருக்கிறார், ‘ஆஷஸ் ஆர் பர்னிங்’கிலிருந்து தொடங்கலாம்.

1977 வாக்கில் பங்க் ராக் வந்து மூன்று நிமிடப் பாட்டை மறுபடி ராஜாவாக்கியது, ரெக்கார்டு கம்பெனிகளும் நீளப் பாட்டைக் கைவிட்டன என்று எல்லாரும் சொல்கிற கதை உண்மைதான். ஆனால் விதை அழியவில்லை. 1992இல் ஸ்வீடனில் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் சேர்ந்து ஏங்லாகோர்ட் என்ற பெயரில் ‘ஹைப்ரிஸ்’ போட்டார்கள். நான்கு பாட்டு. மெல்லோட்ரான், ஹேமண்ட் ஆர்கன், புல்லாங்குழல். பழையவர்களைப் போல வாசித்துக் காட்டுவதற்காகச் செய்ததில்லை. அந்தக் காட்டின் குளிரும் இருட்டும் அவர்களுடையது.

நம் பக்கத்திலும் இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தில் தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார், 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அதற்காக ராத்திரி கண்விழித்த நம் ஆட்களுக்கு யெஸ்ஸும் ஜெனிசிஸும் எட்டாத தூரமில்லை. நம் சினிமாவிலேயே பின்னணி இசையில் ஒரு மெட்டு முதலில் குழலில் வந்து, இடைவேளைக்குப் பிறகு வயலின்களில் வந்து, கிளைமாக்ஸில் நம்மை அழவைப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அம்மா ஸ்னோ கூஸைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, “இது எந்தப் படம் கண்ணு?” என்றுதான். அந்தக் கேள்விக்கு நான் கதையைச் சொல்ல, மறுபடி போடச் சொல்லி முழுதும் கேட்டாள்.

கேட்கப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். போனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாதபடி செட்டிங்கில் மாற்றுங்கள், ஸ்னோ கூஸில் அந்த அரை விநாடி வெட்டு கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். பஸ்ஸில் கேட்பதென்றால் திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்குள் ஒரு ஆல்பம் தாராளமாக முடிந்துவிடும், அவிநாசி ரோட்டு டிராபிக்குக்கு ‘சப்பர்ஸ் ரெடி’யைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஸ்னோ கூஸ், அடுத்து செல்லிங் இங்கிலாந்து, அடுத்து குளோஸ் டு தி எட்ஜ், அப்புறம் பான்கோ. டோபோகிராஃபிக் ஓஷன்ஸை இந்த நான்கும் பழகிய பிறகு எடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.